தன்னை இழந்தவனின் பணயம்: சூதாட்டக் களத்தில் மனம் நிலைகுலைவது பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஆய்வு மாணவர் விடுதியில் என் அடுத்த அறையில் இருந்த நண்பர் ஒருவர் கைப்பேசியில் பணம் வைத்துப் போக்கர் ஆடத் தொடங்கினார். அவர் புள்ளியியல் ஆய்வாளர். எந்தச் சீட்டு வர எத்தனை விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பதைத் தாளில் எழுதி எனக்கு விளக்குவார். நான்கு மாதங்களில் ஆய்வு உதவித்தொகை முழுவதையும் இழந்தார். ஒருநாள் பின்னிரவு மூன்று மணிக்கு அவர் அறையில் வெளிச்சம் இருப்பதைக் கண்டு உள்ளே போனேன். "இழந்ததை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திவிடுகிறேன்" என்றார். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். அதற்கு அவர் என்மீது சினந்து கத்தினார்.

இன்று அவர் நலமாக இருக்கிறார். அவருடைய இசைவுடன்தான் இதை எழுதுகிறேன். கணக்குத் தெரிந்த ஒருவர், தோற்கும் வழி இதுதான் என்று அறிந்தும் அதே வழியில் ஏன் நடந்தார் என்னும் கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. நான் பயிலும் பழைய நூல்களில் அதற்கு விடை தேடினேன். எதிர்பார்த்ததைவிட மிகுதியாகவே கிடைத்தது.

போக்கர் ஆடுவோரிடையே இந்நிலைக்கு ஒரு சொல் உண்டு: டில்ட். பின்பால் எனப்படும் பழைய விளையாட்டு இயந்திரத்தை ஆடுபவர் ஆத்திரத்தில் அளவுக்கு மீறிச் சாய்த்தாலோ உலுக்கினாலோ, அச்சொல் விளக்கில் ஒளிர்ந்து இயந்திரம் இயங்க மறுத்துவிடும். அங்கிருந்து சீட்டாட்ட மேசைக்கு வந்த சொல் இது. தொடர்ந்து தோற்றவர் சினத்திலும் அவமானத்திலும் தம் கணிப்பை இழந்து, இழந்ததை உடனே மீட்கும் வேகத்தில் பணயத்தை உயர்த்திக்கொண்டே போவதை அது குறிக்கிறது. போக்கர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் உருவான ஆட்டம். அதன் கலைச்சொல்லும் புதியது. ஆனால் அச்சொல் சுட்டும் மனநிலையை இந்திய நூல்கள் மிகப் பழங்காலத்திலேயே கூர்ந்து நோக்கிப் பதிவுசெய்துள்ளன.

தான்றிக்காயும் சூதாடியும்

மூவாயிரம் ஆண்டுப் பழமை உடையதாகப் பொதுவாகக் கருதப்படும் ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், முப்பத்து நான்காம் சூக்தம் ஒரு சூதாடியின் புலம்பல். அக்காலத்துப் பகடை இன்று நாம் அறிந்த ஆறுமுகக் கட்டையன்று. திரிபலா சூரணத்தில் சேரும் தான்றிக்காய்தான் அன்றைய கவறு. காய்களைக் குவித்து, அதிலிருந்து அள்ளியெடுத்து, எண்ணிக்கையை நான்கால் வகுத்து மீதியைப் பார்ப்பது அந்த ஆட்டத்தின் ஒரு முறை என்று அறிஞர்கள் மீட்டுருவாக்கியுள்ளனர். மீதமின்றி வகுபட்டால் கிருதம், அதுவே வெற்றி. ஒன்று மிஞ்சினால் கலி, தோல்வி. நாம் யுகங்களுக்கு வழங்கும் கிருதம், திரேதம், துவாபரம், கலி என்ற பெயர்கள் சூதாட்ட வீச்சுகளுக்கும் உரியவை.

அச்சூக்தத்தின் சூதாடி தன் நிலையை நன்கு உணர்ந்தவன். மனைவி விலகிவிட்டாள், மாமியார் வெறுக்கிறாள், கடன் அவனை இருளில் பிறர் வீட்டு வாசலுக்குத் துரத்துகிறது. இனிப் போவதில்லை என்று உறுதி கொள்கிறான். ஆனால் பலகையில் காய்கள் உருளும் ஓசை கேட்டதும் அவன் கால்கள் தாமே அங்கு செல்கின்றன. தொட்டால் குளிர்ந்திருக்கும் அக்காய்கள் நெஞ்சைச் சுடுகின்றன என்று அவன் வியக்கிறான். இறுதியில், கவற்றை விடுத்துக் கழனியை உழு என்ற அறிவுரை வருகிறது. அறியாமையால் ஆடுபவனை இச்சூக்தம் பாடவில்லை. அறிந்தும் நிற்க இயலாதவனைப் பாடுகிறது.

இதே காட்சியை நூற்றாண்டுகள் கழித்துச் சூத்ரகரின் மிருச்சகடிக நாடகம் நகைச்சுவையாக்கியது. உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்யும் ஒருவன் பத்துப் பொற்காசுகளைச் சூதில் தோற்றுவிட்டு, தரவழியின்றி ஓடி, சிலையற்ற கோயில் ஒன்றில் தானே சிலைபோல் நின்றுகொள்கிறான். துரத்தி வந்தவர்கள் ஐயுற்று, அவன் எதிரிலேயே அமர்ந்து ஆடத் தொடங்குகிறார்கள். அடியை அஞ்சி அசையாது நின்றவனால் அந்த ஓசையைத் தாங்க முடியவில்லை. தானும் ஆட வந்து அகப்படுகிறான். பின்னர் அவன் கடன் தீர்ந்து, சூதைத் துறந்து, பௌத்தத் துறவியாகிறான்.

தருமனின் வாக்குமூலம்

மகாபாரதத்தின் சூதாட்டப் படலத்தை நாம் பெரும்பாலும் சகுனியின் வஞ்சகக் கதையாகவே வாசித்திருக்கிறோம். அது பிழையன்று. எனினும் பணயங்களின் வரிசையைக் கவனியுங்கள். முத்தும் பொன்னும் தேரும் முதலில் போகின்றன. பிறகு ஏவலர், யானை, குதிரை, கருவூலம். இடையில் விதுரர் எழுந்து ஆட்டத்தை நிறுத்தச் சொல்கிறார். அவர் சொல் எடுபடவில்லை. அதன்பின் ஆநிரை, நகரம், நாடு, தம்பியர். ஓரிடத்திலும் தருமன் சிறிய பணயத்திற்குத் திரும்பவில்லை. தோல்விக்குத் தோல்வி பணயம் பெரிதாகிறது.

சகுனியின் திறமை பகடையோடு முடியவில்லை. நகுலனையும் சகதேவனையும் தருமன் தோற்றதும், மாத்ரியின் மக்களை வைத்தாய், பீமனும் அருச்சுனனும் உனக்கு அவர்களினும் அருமையானவர்களோ என்னும் பொருள்பட ஒரு சொல்லை எறிகிறான். தருமன் கொதித்தெழுந்து மறுக்கிறான். மறுத்த சூட்டிலேயே அருச்சுனனைப் பணயம் வைக்கிறான். எதிராளியின் சினத்தைத் தூண்டி அவனைத் தவறான முடிவுக்குத் தள்ளும் உத்தி இன்றைய போக்கர் மேசையிலும் உண்டு. சகுனி அதன் கைதேர்ந்த ஆசான்.

இப்படலத்தின் உண்மையான உளவியல் சான்று சபா பருவத்தில் இல்லை, வன பருவத்தில் இருக்கிறது. காட்டில் பீமன் கடுமையாகக் குறைகூறும்போது, தருமன் இரண்டு செய்திகளை ஒப்புக்கொள்கிறான். துரியோதனனின் அரசை வெல்லும் விருப்பத்துடன்தான் தானும் கவற்றைக் கையில் எடுத்ததாகச் சொல்கிறான். அடுத்து, காய்கள் சகுனியின் விருப்பப்படியே விழுவதைக் கண்டபோது தன்னை அடக்கிக்கொண்டிருக்க முடியும் என்றும், ஆனால் சினம் மனிதனின் உறுதியை அழித்துவிடுகிறது என்றும் கூறுகிறான்.

க்ஷத்திரிய அறம், பெரியப்பாவின் ஆணை, ஊழ் என உரையாசிரியர்கள் தருமனுக்காகப் பல காரணங்களைத் தேடினார்கள். தருமனே தந்த விளக்கம் அவற்றைவிட எளியது: ஆசையில் தொடங்கினேன், சினத்தில் தொடர்ந்தேன். என் நண்பரும் பின்னாளில் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்.

1979 ஆம் ஆண்டில் டேனியல் கானெமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்னும் உளவியலாளர் இருவர் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, இழப்பின் வலி அதே அளவு ஆதாயத்தின் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்று காட்டியது. தன் இழப்போடு சமாதானம் அடையாத ஒருவர், மற்ற வேளையில் தாம் ஏற்கவே மாட்டாத பந்தயங்களையும் ஏற்கக்கூடும் என்பதும் அக்கட்டுரையின் கருத்து. திருக்குறளின் சூது அதிகாரம், இழக்க இழக்கச் சூதின்மேல் விருப்பம் பெருகுவதை உயிர்மேல் உள்ள விருப்பத்துக்கு உவமையாகவே எடுத்தாள்கிறது. (அதே அதிகாரத்தில் சூதாடும் இடத்திற்குக் 'கழகம்' என்பதே பெயர் என்பதையும் நினைவூட்டுகிறேன்.)

கௌடில்யர் கண்ட அறிகுறிகள்

அறநூல்கள் சூதை விலக்கச் சொன்னபோது, அர்த்தசாஸ்திரம் அதை ஆளச் சொன்னது. சூதுக்கென ஓர் அரசு அதிகாரி. ஒரே இடத்தில் மட்டுமே ஆட்டம்; வேறிடத்தில் ஆடினால் பன்னிரண்டு பணம் தண்டம். காய்களை அதிகாரியே வழங்குவார். வென்ற தொகையில் நூற்றுக்கு ஐந்து அரசுக்குச் சேரும். இன்றைய சூதாட்ட விடுதிகளும் ஆட்ட நிறுவனங்களும் ஒவ்வோர் ஆட்டத்திலும் பிடித்துக்கொள்ளும் பங்கின் பழைய வடிவம் இது.

அதே நூலின் எட்டாம் பகுதி, அரசனைக் கெடுக்கும் தீய பழக்கங்களை ஒப்பிடுமிடத்தில் சூதாடியைப் பற்றித் தரும் குறிப்புகள் மருத்துவக் குறிப்பேடு போன்றவை. அவன் இரவிலும் விளக்கொளியில் ஆடுவான். தாய் இறந்துகிடக்கையிலும் ஆடுவான். இடர்ப்பட்ட வேளையில் யாரேனும் ஏதேனும் கேட்டால் சினப்பான். இயற்கை உபாதைகளை அடக்குவதாலும் பட்டினியாலும் நோயுறுவான். இவ்வரிகளை முதன்முறை படித்தபோது, பின்னிரவு மூன்று மணியும், அந்த விளக்கும், சாப்பிட்டீர்களா என்ற கேள்விக்கு வந்த கோபமும் என் கண்முன் வந்தன. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் அமர்ந்திருந்தேன்.

கலி தொடர்ந்ததும் நீங்கியதும்

துயருற்ற தருமனுக்குக் காட்டில் பிருகதசுவர் என்னும் முனிவர் சொல்லும் ஆறுதல்தான் நளன் கதை. தமிழில் புகழேந்தி அதை நளவெண்பாவாகப் பாடியபோது, பின்னிரு பகுதிகளுக்குக் கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம் என்ற பெயர்கள் அமைந்தன. தோல்வி வீச்சின் பெயரையே தாங்கிய கலி ஒருவனுக்குள் புகுவதும் வெளியேறுவதும்தான் கதையின் சட்டகம்.

கலி புகுந்த நளன் மாதக்கணக்கில் புட்கரனோடு ஆடுகிறான். அமைச்சரும் குடிமக்களும் வாயிலில் வந்து நிற்கிறார்கள். தமயந்தி அழைக்கிறாள். அவன் விடையளிக்கவில்லை. நிலைமையை உணர்ந்த தமயந்தி, பிள்ளைகளைத் தேரோட்டியுடன் தன் தந்தை ஊருக்கு அனுப்பிவிடுகிறாள். சூதாடியின் வீட்டில் முதலில் காக்கப்பட வேண்டியவர் யார் என்பதை அறிந்து செயல்பட்ட பெண் அவள். எல்லாம் போனபின் தமயந்தியைப் பணயம் வை என்கிறான் புட்கரன். நளன் அங்கே நின்றுவிடுகிறான். அணிகலன்களைக் களைந்து வைத்துவிட்டு எழுந்து போகிறான். தருமன் கடந்த கோட்டை நளன் கடக்கவில்லை.

கலி நீங்குவதோ கணக்கினால். தேரோட்டியாக மறைந்து வாழும் நளனுக்கு, அயோத்தி மன்னன் இருதுபன்னன் வழியில் ஒரு தான்றி மரத்தைக் காட்டி, அதன் இரு கிளைகளில் மட்டும் 2095 கனிகள் உள்ளன என்கிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். எண்ணிக்கை பொருந்துகிறது. அந்த எண்ணும் கலையும் 'அட்ச இருதயம்' என்னும் கவற்றின் உட்பொருளும் ஒன்று என்கிறது கதை. தன் குதிரை நூலறிவை ஈடாகத் தந்து நளன் அதைக் கற்றதும், கலி அவன் உடலைவிட்டு நீங்கித் தான்றி மரத்தில் புகுகிறது. நிகழ்தகவுச் சிந்தனையின் வரலாற்றை எழுதிய இயன் ஹேக்கிங், தம் 1975 ஆம் ஆண்டு நூலில் இப்பகுதியைச் சிறப்பாகக் குறிப்பிட்டுள்ளார்.

கணக்குக் கற்றால் போதும் என்று இதற்குப் பொருள்கொள்ளக் கூடாது. என் நண்பருக்கும் கணக்குத் தெரியும். கற்றபின் நளன் நடந்துகொண்ட முறையைப் பார்க்க வேண்டும். அன்றிரவே அவன் புட்கரனிடம் ஓடவில்லை. மனைவியோடு சேர்ந்து, அமைதியடைந்து, காலம் கழித்துச் சென்று, ஒரே ஒரு வீச்சு ஆடினான். வென்றதும் நிறுத்தினான். புட்கரனை மன்னித்து அவன் பங்கையும் திருப்பித் தந்தான். கணிதமும் மன அமைதியும் ஒருசேர இருந்தபோதுதான் அவன் ஆடினான்.

கதை முடிந்ததும் பிருகதசுவர் தருமனுக்கும் அந்த வித்தையைக் கற்பிக்கிறார். தருமன் அதைக்கொண்டு சகுனியைத் தேடிப் போகவில்லை. விராடன் அவையில் கங்கன் என்ற பெயரில் சூதாட்டத் துணைவனாகப் பணிபுரிகிறான். அங்கே ஒருநாள், தன் மகன் போரில் வென்றதாக மகிழ்ந்து விராடன் ஆட அழைக்கிறான். மிகுந்த மகிழ்ச்சியில் இருப்பவனோடு சூதாடலாகாது என்று கங்கன் தயங்குகிறான். சூதால் நாடிழந்த யுதிட்டிரனை நினைவூட்டுகிறான். ஆட்டத்திடையே சினங்கொண்ட விராடன் கவற்றை அவன் முகத்தில் எறிகிறான். மூக்கிலிருந்து குருதி வழிகிறது. கங்கன் அசையவில்லை. தோல்வியின் சினத்தைப் போலவே வெற்றியின் களிப்பும் கணிப்பைக் கெடுக்கும் என்பதைக் காயப்பட்டுக் கற்றவன் அவன்.

சட்டம் கேட்காத கேள்வி

நவீன இந்தியச் சட்டம் சூதை வேறொரு கேள்வியால் அளந்தது. 1867 ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்டச் சட்டம் வெறும் திறமையால் ஆடப்படும் ஆட்டங்களுக்கு விலக்களித்தது. 1957 இல் சமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வேறுபாட்டை உறுதிசெய்தது. 1967 இல் சத்தியநாராயணா வழக்கில், விழும் சீட்டுகளை நினைவில் வைத்து ஆடவேண்டியிருப்பதால் ரம்மி பெரிதும் திறமை சார்ந்தது என்றது. திறமையா, வாய்ப்பா என்ற இந்த ஒரே வினாவின்மேல்தான் இணையச் சீட்டாட்ட வணிகம் முழுவதும் எழுந்து நின்றது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்நாட்டின் இணையச் சூதாட்டச் சட்டத்தை ஏற்றபோதும், ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு ஆட்டங்களாகப் பட்டியலிட்டது செல்லாது என்றதும் இவ்வடிப்படையில்தான்.

பின்னர் வந்த விதிகளில் ஒரு மாற்றம் தெரிகிறது. 2025 இல் தமிழ்நாடு வகுத்த விதிமுறை, நள்ளிரவு முதல் காலை ஐந்து மணிவரை பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. விளக்கொளியில் ஆடுபவனைக் கௌடில்யர் கண்ட அதே இடத்தில் இவ்விதி கைவைக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறமை, வாய்ப்பு என்ற வேறுபாட்டையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்தது. அதை எதிர்த்து வழக்குகளும் தொடுக்கப்பட்டன.

தடை சரியா தவறா என்ற விவாதத்திற்குள் நான் இங்கு போகவில்லை. சொல்ல விரும்புவது ஒன்றே. போக்கரில் திறமை உண்டு என்பது உண்மை. ஆனால் அத்திறமை ஆடுபவரின் மன அமைதியைச் சார்ந்தே நிற்கிறது. நிலைகுலைந்த பின், திறமைசாலியின் ஆட்டமும் வெறும் வாய்ப்பாட்டத்தினும் கீழானதாகிவிடுகிறது. ஆட்டம் எத்தகையது என்று சட்டம் கேட்கிறது. ஆடுபவர் இந்நொடி எத்தகைய நிலையில் இருக்கிறார் என்று பழைய நூல்கள் கேட்டன.

அந்நூல்கள் வழங்கும் நெறிகளைத் திரட்டினால் ஓர் ஒழுங்கு கிடைக்கிறது. இடமும் நேரமும் முன்கூட்டியே வரையறுக்கப்பட வேண்டும். எதைப் பணயம் வைக்கக் கூடாது என்பது ஆடத் தொடங்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பசியும் உறக்கமின்மையும் எழுவதற்கான அறிகுறிகள். அக்கறையுள்ளவரின் கேள்வி எரிச்சலூட்டினால் அதுவே முதல் எச்சரிக்கை. இழந்ததை இன்றே மீட்க வேண்டும் என்று தோன்றும் நொடி ஆட்டத்தை விட்டு எழவேண்டிய நொடி. ஒவ்வொருவருக்கும் ஒரு விதுரர் வேண்டும். அவர் சொன்னால் நிறுத்துவது என்ற உறுதியை மனம் தெளிவாக இருக்கும்போதே அவருக்கு அளித்திருக்க வேண்டும். இவை எதுவும் கைகூடாதவருக்கு ரிக்வேதத்தின் அறிவுரை இருக்கிறது: கவற்றை விட்டுக் கழனிக்குத் திரும்புவது.

இறுதியாக, அவைக்கு அழைக்கப்பட்டபோது திரௌபதி எழுப்பிய வினாவுக்கு வருகிறேன். தருமன் முதலில் தோற்றது தன்னையா, என்னையா என்று அவள் கேட்டாள். தன்னை இழந்த பின் என்னைப் பணயம் வைக்க அவனுக்கு என்ன உரிமை என்பது அதன் உட்பொருள். சட்ட நுட்பம் வாய்ந்த வினாவாகவே அறிஞர்கள் அதை ஆராய்ந்துள்ளனர். எனக்கோ அது நிலைகுலைவுக்குக் கிடைத்த மிகத் துல்லியமான வரையறையாகத் தோன்றுகிறது. சினத்தில் தன்னை இழந்தவன் அடுத்து வைக்கும் பணயம் எதுவாயினும், அது அவனுக்கு உரியதன்று. அது பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்களுடையது.

அன்றிரவு அந்த அறையில் என்னிடம் இவ்வளவு சொற்கள் இல்லை. தட்டில் நான்கு சப்பாத்திகளை எடுத்துவந்து மேசைமேல் வைத்துவிட்டு, அவர் உண்ணும்வரை எழாமல் அமர்ந்திருந்தேன். நல்வாய்ப்பாக அது போதுமானதாக இருந்தது.

உங்களுக்குத் தெரிந்த யாரேனும் பின்னிரவில் விளக்கெரிய அமர்ந்திருந்தால், அறிவுரை சொல்லும் முன் அருகில் போய் அமருங்கள். நூற்செய்திகளில் திருத்தம் இருப்பின் பின்னூட்டத்தில் எழுதுங்கள், நன்றியுடன் ஏற்பேன்.